பிக்கப் கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்: தோட்டப்புறத்தில் ஓடும் காடிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஓடும் பிக்கப்பும் ஈப்போ நகருக்குள் ஓடும் பிக்கப்பும் ஒரே மாடலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை. முற்றிய செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ என்று வைத்தால் 50 குலை ஏற்றினாலே ஒரு டன் ஆகிவிடும். பெரும்பாலான பிக்கப்புகள் தாங்கும் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பாரத்தோடு செம்மண் மேட்டில் முதல் கியரில் ஏறுவது, அக்டோபர் நவம்பர் மழையில் ஓடைத் தண்ணீரைக் கடப்பது, பிறகு முதலாம் எண் கூட்டரசு சாலைக்கு வந்து 90-ல் ஓடுவது எல்லாமே ஒரே நாளில் நடக்கும்.

இப்படி உழைக்கும் காடியில் சத்தம் வந்தால் முதலில் காதில் விழும் தீர்ப்பு "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். உடனே ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) விலை கேட்பார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. கியர்பாக்ஸ் என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும்: காய்ந்துபோன கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்டை மடங்கும்படி இணைக்கும் சிலுவை மூட்டு), கிழிந்த சென்டர் பேரிங் ரப்பர், கசியும் கிளட்ச் பம்ப், சேறு அடைத்த மூச்சுக்குழாய் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்). சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று உறுதியாகும் வரை ஒரு போல்ட்டையும் தளர்த்த வேண்டாம்.

சக்தி போகும் பாதை

எஞ்சினிலிருந்து கிளட்ச். ஆட்டோ (தானாகக் கியர் மாறும்) காடியாக இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். அடுத்து கியர்பாக்ஸ், அதன் வாலில் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து பின்னால் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகிறது. நான்கு கதவுப் பிக்கப்புகளில் அது பெரும்பாலும் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். ஷாஃப்டின் முடிவில் பின் டிஃப் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்), அதன் இருபுறமும் ஆக்சில். முன்பக்கம் சின்ன ஷாஃப்ட் ஒன்று முன் டிஃபுக்குப் போய், சிவி ஆக்சில் வழியாகச் சக்கரத்தைச் சேர்கிறது. ஒவ்வொரு பாகமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகிறது. கண்டுபிடிக்கும் வேலை முழுக்க இந்த ஒரு உண்மையை வைத்துத்தான்.

ஓட்டிப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் கையில் பேனாவும் தாளும் கொடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பட்டறையில் போய் நிற்கும்போது பாதி மறந்திருக்கும்.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சின் சுற்றோடு ஏறுகிறதா, காடியின் வேகத்தோடு ஏறுகிறதா? காடியை நிறுத்தி நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். சத்தம் வந்தால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றில் தேடுங்கள். நின்றிருக்கும்போது ஒன்றும் இல்லை, ஓடினால்தான் வருகிறது என்றால் அடுத்த சோதனை: நேரான சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் 4-ஆவது கியரிலும் 5-ஆவது கியரிலும் ஓட்டுங்கள். கியர் மாறினால் எஞ்சின் சுற்று மாறும், ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃப், சக்கரம் ஆகியவை மாறாமல் சுற்றும். அதிர்வும் மாறவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். இந்த ஒரு சோதனையே பல கியர்பாக்ஸ்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது: மிதித்தால் கூடுகிறதா, காலை எடுத்தால் கூடுகிறதா? பாரம் மாறும்போது மாறும் சத்தம் பல்சக்கரத்திலிருந்தோ ஜாயிண்டிலிருந்தோ வரும். எப்படி மிதித்தாலும் ஒரே மாதிரி உறுமினால் சக்கர பேரிங்கையும் டயரையும் முதலில் பாருங்கள். மட் டயர் போட்டவர்கள் இதை மறக்கக்கூடாது. அந்த டயரின் ரீங்காரம் டிஃப் சத்தம் போலவே இருக்கும், ஆனால் தார் சாலையிலிருந்து செம்மண்ணுக்கு இறங்கியதும் மாறிவிடும். டிஃப் சத்தம் சாலைக்கு ஏற்ப மாறாது.

மூன்றாவது: திருப்பும்போது என்ன ஆகிறது? நான்காவது: குளிர்ந்திருக்கும்போதா, 20 கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகா? ஐந்தாவது, பலர் கேட்க மறப்பது: கோளாறு தொடங்குவதற்கு முன் காடிக்கு என்ன செய்தார்கள்? பாரம் தாங்க ஒரு பட்டை ஸ்ப்ரிங் கூடுதலாகப் போட்டிருந்தால் பின் டிஃபின் மூக்குக் கோணம் மாறியிருக்கும், அதனாலேயே ஷாஃப்ட் அதிரும். புதிய டயர் இரண்டை முன்னால் மட்டும் போட்டிருந்தால், 4எச் (நான்கு சக்கர இழுவை) போடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும்.

அதிர்வைக் கையால் உணர்ந்து வகை பிரிக்க முடியாதவர்களுக்கு ஒரு கணக்கு. 265/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 9 முறை சுற்றும். டிஃப் விகிதம் 3.9 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் சுமார் 36 முறை சுற்றும். ஆகவே டயர் கோளாறு ஸ்டீரிங்கிலோ இருக்கையிலோ தனித்தனிக் குலுக்கலாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு காலுக்குக் கீழே ஒரே சீராக ஊம் என்று ரீங்கரிக்கும். கைப்பேசியில் அதிர்வை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. கைப்பேசியை டேஷ்போர்டில் அசையாமல் ஒட்டி, 80-ல் ஓட்டி, எண் 9 பக்கமா 36 பக்கமா என்று பாருங்கள்.

கீழே போவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. செம்மண் தரையில் ஜாக்கி மழைக்குப் பிறகு புதையும். கனமான பலகையை அடியில் வைத்து, ஜாக் ஸ்டாண்டில் காடியை இறக்கிய பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரை "பி"-யில் போட்டிருந்தாலும் காடி உருளும். ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் இல்லாமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

எண்ணெய் சொல்லும் செய்தி

கசிவைப் பார்க்கும்போது ஈரமாக இருக்கும் எல்லா இடமும் மூலமல்ல. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அடிப்பாகத்தைக் கழுவி, காயவிட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டி, மிக உயரத்திலும் மிக முன்னாலும் ஈரமான இடத்தைத் தேடுங்கள். இரவில் அடியில் அட்டை விரித்தால் சொட்டு விழும் இடம் தெரியும்.

விரலில் தொட்டுப் பாருங்கள். கருப்பாக, வழவழப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். கெட்டுப்போன பூண்டு போலக் கந்தக வாடை வந்தால் கியர் எண்ணெய். சிவப்பு என்றால் ஆட்டோ கியருக்கான ஏடிஎஃப், சில காடிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் அதையே ஊற்றுவார்கள். தண்ணீர் போல நெகிழ்ந்து, பெயிண்டை உரித்தால் பிரேக் எண்ணெய், அதாவது கிளட்ச் ஹைட்ராலிக் கசிவு. கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டுவது எந்த எண்ணெய் என்று தெரிந்துவிட்டால், எஞ்சினின் பின் சீலா கியர்பாக்ஸின் முன் சீலா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டிஃப், கியர்பாக்ஸ் எதுவானாலும் ஒரு விதி: எண்ணெயை இறக்கும் முன் நிரப்பும் துளையின் மூடியைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால், இறக்கிய எண்ணெயைத் திரும்ப ஊற்ற வழியிருக்காது. நிரப்பும் துளையின் விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். பெரும்பாலான பிக்கப்புகளின் பின் டிஃபுக்கு 2 முதல் 4 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு காடியின் கையேட்டில் இருக்கும். டிஃபுக்கு ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய். மேனுவல் கியர்பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை கியர் கரகரக்காமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும். "எல்லாம் கியர் எண்ணெய்தானே" என்று ஊற்றியதன் விளைவு மூன்று மாதம் கழித்து மூன்றாவது கியரில் கரகரக்கும்.

இறக்கும் மூடியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு போல, விரலில் தேய்த்தால் மை போல ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் சுரண்டினால் தட்டுப்படும் செதில், ஊசி, பல்துண்டு இயல்பல்ல. எண்ணெயில் தங்கத்தூள் மின்னினால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆகவே எண்ணெயைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

ஓடையைக் கடந்த காடிக்குத் தனிக் கவனம் தேவை. டிஃப் ஓடிச் சூடாகியிருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து உறிஞ்சும். மூச்சுக்குழாய் சேறடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். சக்கரத்தின் நடுவுக்கு மேல் தண்ணீர் வந்திருந்தால் காடியை ஓர் இரவு நிறுத்திவிட்டு, காலையில் நகர்த்துவதற்கு முன் இறக்கும் மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் முதலில் வரும் சில சொட்டுகளில் அது தெரிந்துவிடும். தெளிந்த நீரோ பால் தேநீர் நிறக் கலவையோ வந்தால் எண்ணெயை முழுக்க மாற்றி, 100 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் பாருங்கள். மூச்சுக்குழாயின் மூடியைக் கழற்றி வாயால் ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். குழாயை நீட்டி எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோனால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பினியன் சீல் (ஷாஃப்ட் டிஃபோடு சேரும் இடத்தில் உள்ள சீல்) கசிகிறது என்றால் சீல் வாங்குவதற்கு முன்னால் மூச்சுக்குழாயைப் பாருங்கள். அது அடைபட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும். புதிய சீலும் அடுத்த மாதமே நனையும்.

கிளட்ச்

வழுக்குகிறதா என்று பார்க்க, காலியான நேர்சாலையில் 50-ல், 4-ஆவது கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். எஞ்சின் சுற்று விர்ரென்று ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் வழுக்குகிறது. வழுக்குவதற்குக் காரணம் தேய்ந்த தட்டாகவும் இருக்கலாம், எண்ணெய் நனைந்த தட்டாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இப்போது பெடலை நான்கு முறை பம்ப் செய்து போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்தால் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது அல்லது கசிவு இருக்கிறது. உள்ளே பெடலுக்கு மேலே தள்ளுகம்பி வரும் இடம் ஈரமா, கியர்பாக்ஸ் பக்கம் கீழ் சிலிண்டரின் ரப்பர் மூடியை உரித்தால் ஈரமா என்று பாருங்கள். எதுவுமில்லை, பெடலும் திடமாக இருக்கிறது என்றால் அழுத்தத் தட்டு, தட்டு, பைலட் பேரிங் என்று உள்ளே போகலாம்.

சத்தத்தை வைத்துப் பேரிங்கைப் பிரிக்கலாம். நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இரைச்சல், மிதித்தால் அடங்குகிறது: கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் இரைச்சல், விட்டால் அடக்கம்: ரிலீஸ் பேரிங். ஐடிலில் கடகட என்று ஆட்டம், எஞ்சினை அணைக்கும்போது ஒரு தட்டல்: டுவல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்ப்ரிங் வைத்த இரட்டைச் சுழல்சக்கரம்) உள்ள டீசல்களில் அதைச் சந்தேகியுங்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ்

மேலே உள்ள சோதனைகளில் தேறிய பிறகே இங்கே வாருங்கள். பெரும்பாலான 5 கியர் பெட்டிகளில் 4-ஆவது நேரடி கியர். சக்தி துணை ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேரே போகும். ஆகவே எல்லாக் கியரிலும் இரைச்சல், 4-ல் மட்டும் அடங்குகிறது என்றால் துணை ஷாஃப்ட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் பல்.

ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரத்தால் இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு, திரும்ப மிதித்து அடுத்த கியர். கரகரப்பு மறைந்தால் அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. பாரத்தோடு ஏறும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன் எஞ்சின் மவுண்டிங்கையும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் பாருங்கள். மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துபோனால் பெட்டி அசைந்து கம்பியை இழுக்கும்.

ஆட்டோ

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தாலோ, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5-க்குள் இல்லாவிட்டாலோ கணினி தாறுமாறாகக் கோளாறு பதியும். அதைச் சரிசெய்துவிட்டுப் பேசுங்கள்.

பிறகு ஓபிடி ஸ்கேனர், அதாவது காடியின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி. கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். பி0700 என்பது கோளாறு அல்ல, "கியர் கணினியில் ஒரு குறியீடு இருக்கிறது, அதைப் படி" என்ற அறிவிப்பு. பி0715 உள்ளீட்டு வேக சென்சார், பி0720 வெளியீட்டு வேக சென்சார். இவை இரண்டுக்கும் பல நேரம் சேறு புகுந்த கனெக்டரோ எலி கடித்த ஒயரோதான் காரணம். தோட்டப்புறத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. பி0730 வந்தால் கணினி எதிர்பார்த்த விகிதம் கிடைக்கவில்லை, அதாவது உள்ளே வழுக்கல் இருக்கலாம். பி0741 டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப், அதாவது வழுக்காமல் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். பி0218 எண்ணெய் சூடு மீறியது.

அளவு பார்க்கும் குச்சி இருந்தால்: சமதளம், எண்ணெய் சூடு, எஞ்சின் ஓட்டத்தில், லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டுபோய் "பி"-யில் நிறுத்திப் பாருங்கள். குச்சி இல்லாத புதிய காடிகளில் வழிந்தோடும் துளை வழியாக, எண்ணெய் கையேடு சொல்லும் சூட்டில், பெரும்பாலும் 40 டிகிரிக்குப் பக்கத்தில், இருக்கும்போது அளக்க வேண்டும். சூடு தவறினால் அளவும் தவறும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். சிவப்பு வட்டம் பரந்தால் நல்லது. நிறம் கருத்திருப்பது மட்டுமே தீர்ப்பல்ல, கருகிய வாடைதான் முக்கியம். இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் காடியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள், தண்ணீர் தட்டுகளில் உள்ள உராய்வுப் படலத்தின் பசையை விடுவித்துவிடும்.

60 முதல் 80-க்குள், லேசாக மிதிக்கும்போது, வரிவரியான சாலையில் ஓடுவது போல நடுங்குகிறதா? அதே வேகத்தில் ஆக்சிலேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். லாக்கப் விடுபட்டுச் சுற்று சற்று ஏறும். அந்தக் கணத்தில் நடுக்கம் நின்றால் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப்பைச் சந்தேகியுங்கள். எண்ணெய் மாற்றியே பலவற்றில் சரியாகும், முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு முறை இறக்கினால் மொத்த எண்ணெயில் பாதிக்கும் குறைவே வரும், மீதி கன்வெர்ட்டரில் தங்கும். அதனால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மாற்றினால்தான் பழையது போகும்.

நியூட்ரலிலிருந்து "டி"-க்குப் போட்டால் ஒன்றரை வினாடிக்குள் இழுக்க வேண்டும். காலையில் முதல் முறை மட்டும் தாமதித்தால் எண்ணெய் குறைவா, வடிகட்டி அடைப்பா என்று பாருங்கள். சூடான பிறகும் தாமதித்தால் உள் சீல்களைச் சந்தேகியுங்கள்.

பாரத்தோடு மேட்டில் 2எச்-ல் (பின் சக்கர இழுவை மட்டும்) ஊர்ந்தால் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெயைக் காய்ச்சும். 4எல் (நான்கு சக்கர இழுவையில் மெதுவேக நிலை) போட்டால் கியர் விகிதம் சுமார் 2.5 மடங்கு கூடும், வழுக்கல் குறையும், சூடு குறையும். 4எல் சேற்றில் மாட்டினால் மட்டும் போடுவது என்ற எண்ணம் ஆட்டோ காடிக்குத் தவறு. தளர்ந்த மண்ணில், செங்குத்தான ஏற்றத்தில், மெதுவாக ஏறும்போது அதுவே சரியான இடம். "வாழ்நாள் எண்ணெய்" என்று சொல்லப்பட்டாலும், இங்கே ஓடும் காடிக்கு 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது.

டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் டிஃபும்

தார் சாலையில் 4எச் போட்டு வளைந்தால் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தை விட நடு டிஃப் இல்லாததால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீரிங் கனக்கும், 2எச்-க்குத் திரும்பாமல் அடம் பிடிக்கும். சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால் முறுக்கு விடும். மிட்சுபிஷி டிரைட்டனின் சூப்பர் செலக்ட் வகையில் நடு டிஃப் உண்டு, அதில் 4எச் தாரிலும் போடலாம், 4எச்எல்சி (நடு டிஃப் பூட்டிய நிலை) கூடாது.

4எச் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், கோளாறு எங்கே என்று கையாலேயே பார்க்கலாம். சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், காடி கியரில். 4எச் தேர்ந்தெடுத்து எஞ்சினை அணைத்து, முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே சேரவில்லை, அதன் மோட்டாரையும் ஃபோர்க்கையும் பாருங்கள். சுற்றவில்லை, ஆனால் சேற்றில் முன் சக்கரம் இழுப்பதில்லை என்றால் முன் டிஃபில் ஆக்சிலை இணைக்கும் பகுதியைப் பாருங்கள். சில மாடல்களில் அது வெற்றிடக் குழாயில் வேலை செய்யும், வெடித்த குழாய் ஒன்றே காரணமாக இருக்கலாம். மாதம் ஒரு முறை செம்மண்ணில் 15 கிலோமீட்டர் 4எச்-ல் ஓட்டினால் இவை இறுகாது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்

தோட்டக் காடிகளில் அதிகம் தேயும் இடம் இதுதான், குறைந்த செலவில் சரியாகும் இடமும் இதுதான். "டி"-யிலிருந்து "ஆர்"-க்கு மாற்றும்போது டங் என்று ஒரு தட்டல், மெதுவாகப் போகும்போது வேகத்தோடு விரைவாகும் கிரீச் கிரீச் என்ற குருவிச் சத்தம், பாரத்தோடு கிளம்பும்போது மட்டும் ஒரு குலுக்கல், இவை மூன்றும் இங்கேயிருந்து வரும். காய்ந்த கிராஸ் ஜாயிண்டுக்குக் கிரீச் அடையாளம். சென்டர் பேரிங்குக்குக் கிளம்பும்போது வரும் குலுக்கல். நிறுத்திக் கிளம்பும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி இருந்தால் சறுக்கும் ஸ்ப்ளைன் காய்ந்திருக்கிறது.

கீழே போய் ஜாயிண்டின் நான்கு கோப்பைகளையும் பாருங்கள். சீலைச் சுற்றிச் செங்கல் நிறப் பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசிகள் துருப்பிடித்துவிட்டன. கிரீஸ் அடித்தாலும் அது பிழைக்காது. பிறகு ஜாயிண்டின் இருபக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், மேலும் கீழும் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக்கூடாது. சென்டர் பேரிங்கில் ரப்பர் இருப்பதால் கொஞ்சம் அசையும். ரப்பர் கிழிந்து வளையம் கீழே சாய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

மாற்றும்போது:

1. கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் ஸ்ப்ளைனின் இருபுறமும் பெயிண்டால் கோடு போடுங்கள். வேறு கோணத்தில் மாட்டினால் சமநிலை கெட்டு, இல்லாத அதிர்வு வரும்.
2. பழைய ஜாயிண்டைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், கோப்பையின் விட்டத்தையும் எதிரெதிர் கோப்பைகளின் மொத்த அகலத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு முறை அலைய நேரும்.
3. புதிய கோப்பையை அழுத்தும்போது உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழுந்தால் கோப்பை முழுதாக இறங்காது, பூட்டு வளையம் அதன் பள்ளத்துக்குள் உட்காராது. அடித்து இறக்க முயலாமல் வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி மறுபடி போடுங்கள்.
4. முடிந்ததும் ஜாயிண்டைக் கையால் நான்கு பக்கமும் சாயுங்கள். எங்கும் இறுக்கம் இல்லாமல் வழுவழுவென்று திரும்ப வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் உள்ளவற்றில் நான்கு கோப்பையின் சீலிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை லித்தியம் கிரீஸ் அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் சாகும். சேற்றில் ஓடும் காடிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஓடையில் இறங்கினால் அன்றைக்கே.

பின் டிஃப்

மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் கிரவுன் வீல், பினியன் பல் தேய்மானம். காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது ஊளை என்றால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள்; துளி ஆட்டம் இருந்தாலும் பேரிங் போய்விட்டது. சுற்றுவாக்கில் சிறிது ஆடுவது இயல்பு, மேலும் கீழும் ஆடுவது இயல்பல்ல. நேராகப் போகும்போது அமைதி, வளையும்போது மட்டும் டக் டக் என்றால் உள்ளே இருக்கும் சின்ன சிலந்தி கியர்கள்.

பினியன் சீல் மாற்றும் பட்டறையில் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கண்மூடித்தனமாக இறுக்க விடாதீர்கள். பல டிஃப்களில் உள்ளே நசுங்கும் ஸ்பேசர் இருக்கிறது. அதிகம் இறுக்கினால் பேரிங் மேல் பாரம் கூடி, சில ஆயிரம் கிலோமீட்டரில் புது ஊளை தொடங்கும்.

சக்கர பேரிங்கைப் பிரிக்க, காலியான நேர்சாலையில் 60-ல் மெல்ல இடமும் வலமும் அசைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் விழும், அப்போது உறுமல் கூடினால் வல பேரிங். 20 கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு ஹப்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ இறுகிய பிரேக்கோ.

முன் சிவி ஆக்சிலில் சொல்ல அதிகமில்லை. முழுக்கத் திருப்பி நகரும்போது டக்டக் என்றால் வெளி ஜாயிண்ட், நேராக மிதிக்கும்போது நடுங்கினால் உள் ஜாயிண்ட். செம்பனை மட்டையின் முள் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழிக்கும். கிழிந்த அன்றே உறையை மட்டும் மாற்றினால் ஜாயிண்ட் தப்பிக்கும். மணல் புகுந்த பிறகு ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும்.

பட்டறையிலும் ஹாஃப் கட் கடையிலும்

"சத்தம் வருது" என்று சொல்லி விடாதீர்கள். "60-ல வருது, நாலுலயும் அஞ்சுலயும் ஒரே மாதிரி, மிதிச்சா கூடுது, வளையும்போது மாறல, போன மாசம் பின்னால ஸ்ப்ரிங் ஒன்னு கூடப் போட்டது" என்று தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். நல்ல ஃபோர்மேன் இதைக் கேட்டதும் நேரே ஷாஃப்டுக்குப் போவார்.

எல்லாச் சோதனையும் கடந்து கியர்பாக்ஸ்தான் என்று உறுதியானால், ஹாஃப் கட் பெட்டியில் இறக்கும் மூடியை அங்கேயே திறக்கச் சொல்லி காந்தத்தைப் பாருங்கள். எண்ணெயே இல்லாமல் கழுவித் துடைத்து வைத்திருந்தால் அந்தப் பெட்டியின் வரலாற்றை யாரோ துடைத்துவிட்டார்கள், வேறொன்றைக் கேளுங்கள். உள்ளீட்டு ஷாஃப்டைச் சுற்றி, ஆட்டி, எல்லாக் கியரையும் கையால் போட்டுப் பாருங்கள். பெட்டியின் மேலுள்ள குறியீட்டு எண்ணும், டிஃப் விகிதமும், ஆட்டோ என்றால் கணினியும் உங்கள் காடிக்குப் பொருந்துகின்றனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். மேனுவல் பெட்டி என்றால், அதைப் போட்டு 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கி, காந்தத்தை மீண்டும் ஒரு முறை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போல ஒட்டினால் துடைத்து மூடுங்கள். செதில் தட்டுப்பட்டால் உத்தரவாதம் முடிவதற்குள் பெட்டியோடும் ரசீதோடும் கடைக்குப் போங்கள்.